குறைப்பிரசவத்தை முன்னறிதல்: பழனி மலைப்பகுதியை முன்வைத்து ஒரு வரலாறு

கருவுற்று 37 வாரங்கள் நிறைவடைவதற்கு முன்பே குழந்தை பிறப்பது குறைப்பிரசவம் எனப்படும். 2020ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இவ்வாறு பிறந்தன என்று மதிப்பிடப்பட்டுள்ளது. அவர்களுள் சுமார் 30 லட்சம் பேர், அதாவது ஐந்தில் ஒரு பங்கினருக்கு மேல், இந்தியாவில் பிறந்தவர்கள். ஐந்து வயதுக்குள் நிகழும் குழந்தை இறப்புகளுக்கு முதன்மையான காரணம் குறைப்பிரசவமும் அதன் சிக்கல்களுமே ஆகும்.

எந்தத் தாய்க்குக் குறைப்பிரசவம் நேரக்கூடும் என்பதை முன்னதாகவே அறிய மருத்துவர்கள் நூறாண்டுக்கும் மேலாக முயன்று வருகின்றனர். பெரிய மருத்துவமனைக்கு அருகில் வாழும் பெண்ணுக்கு இந்த முன்னறிவு ஓர் எச்சரிக்கை. கோடைக்கானல் மலைக் கிராமத்தில் வாழும் பெண்ணுக்கோ அது மலையிறங்கக் கிடைக்கும் நேரம். ஆகவே இம்முயற்சிகள் எந்த அளவுக்குப் பயன்பட்டன, எங்கே தவறின என்பதைப் பழனி மலைப்பகுதியை மனத்தில் கொண்டு பார்ப்பது பொருத்தமாக இருக்கும்.

மலையும் மகப்பேறும்

பழனி மலைத்தொடர் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கி நீளும் ஒரு கிளை ஆகும். இதன் பெரும்பகுதி திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ளது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் கோடைக்கானல் நகரம் அமைந்துள்ளது. அதற்கு அப்பால் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி முதலிய மேல்மலைக் கிராமங்களும், கீழ்ப்புறத்தில் பண்ணைக்காடு, தாண்டிக்குடி முதலிய ஊர்களும் உள்ளன. பளியர், புலையர் முதலிய பழங்குடி மக்கள் இம்மலைகளில் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர்.

1845இல் மதுரை அமெரிக்க மறைப்பணியாளர்கள் கோடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினர். ஆனால் வத்தலக்குண்டு பக்கமிருந்து மலைக்கு மோட்டார் செல்லும் சாலை 1910களின் நடுப்பகுதியில்தான் பயன்பாட்டுக்கு வந்தது. அதுவரை நடையும் குதிரையும் ஆட்கள் சுமக்கும் டோலியுமே வழி. சாலை வந்த பிறகும் எல்லா ஊர்களுக்கும் அது எட்டவில்லை. கோடைக்கானலுக்கும் பெரியகுளத்துக்கும் இடையிலுள்ள வெள்ளகவி போன்ற ஊர்களில், நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் டோலி கட்டித் தூக்கிச் செல்லும் நிலை மிக அண்மைக் காலம் வரை நீடித்தது.

நிறைமாதப் பிரசவத்தை ஊர் மருத்துவச்சியோ செவிலியரோ பல நேரங்களில் பார்த்துவிட முடியும். ஏழாம் மாதத்தில் பிறக்கும் குழந்தைக்குச் சூடும், மூச்சுக்கு உதவியும், பச்சிளங்குழந்தைப் பிரிவும் தேவை. இவை மலையடிவாரத்திலோ அதற்கும் அப்பாலோதான் கிடைக்கும். வலி கண்ட பிறகு புறப்பட்டால் கொண்டை ஊசி வளைவுகளில், ஓடும் வண்டியிலேயே குழந்தை பிறந்துவிடக்கூடும்.

முழுகாத நாள் முதலான கணக்கு

குறைப்பிரசவம் என்று சொல்ல வேண்டுமானால் முதலில் நிறைமாதம் எப்போது என்று தெரிந்திருக்க வேண்டும். தமிழில் கருவுற்ற பெண்ணை ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்று சொல்வது வழக்கம். மாதவிலக்கு முடிந்து தலைக்குக் குளிப்பது நின்றுவிட்டது என்பதே இதன் பொருள். கருவின் காலத்தைக் கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ண வேண்டும் என்ற அறிவு இந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ‘பத்து மாதம் சுமந்தாள்’ என்பதும் வெறும் வழக்குச் சொல் அன்று. 28 நாள் கொண்ட பத்து மாதங்கள் 280 நாட்கள், அதாவது 40 வாரங்கள். ஜெர்மானிய மகப்பேறு மருத்துவர் பிரான்ஸ் நெகேலே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரப்பிய விதியும் இதே 280 நாட்களையே தருகிறது. கடைசி மாதவிலக்கின் முதல் நாளோடு ஏழு நாட்களைக் கூட்டி, மூன்று மாதங்களைக் கழித்து, ஓராண்டைச் சேர்த்தால் பிரசவத் தேதி கிடைக்கும்.

இந்தக் கணக்கின் பலவீனம் நினைவில் உள்ளது. ‘தேருக்குப் பிறகு முழுகவில்லை’ என்று திருவிழாவை வைத்துச் சொல்லும்போது இரண்டு மூன்று வாரங்கள் முன்பின் ஆகலாம். கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும் காலத்தில், மாதவிலக்கு மீண்டும் தொடங்குவதற்கு முன்பே கருவுற்ற பெண்ணுக்குச் சொல்லத்தக்க நாளே இருக்காது.

‘ஏழில் பிறந்தாலும் பிழைக்கும், எட்டில் பிறந்தால் பிழைக்காது’ என்ற நம்பிக்கையும் பல ஊர்களில் உண்டு. பழைய கிரேக்க மருத்துவ நூல்களிலும் இதே கருத்து காணப்படுகிறது. இதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. கருப்பையில் கூடுதலாகத் தங்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தை பிழைக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது.

எடையிலிருந்து வாரத்துக்கு

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸ் நகரில் ஸ்டீபன் தார்னியே, பியர் புடின் ஆகிய மருத்துவர்கள் குறைமாதக் குழந்தைகளுக்கு வெப்பப் பெட்டி, தாய்ப்பால், தூய்மை ஆகியவற்றைக் கொண்டு சிகிச்சை அளித்தனர். அதன் பிறகே ‘குறைமாதம்’ என்பதற்குத் திட்டமான வரையறை தேவைப்பட்டது. பின்லாந்தின் ஆர்வோ இல்ப்போ 1919இல் 2,500 கிராம் என்ற எடையை எல்லையாக வைத்தார். உலக சுகாதார நிறுவனமும் 1948இல் இந்த எடையையே ஏற்றுக்கொண்டது.

இந்தியா போன்ற நாடுகளுக்கு இந்த வரையறை பொருந்தவில்லை. ஊட்டச்சத்துக் குறைந்த தாய்க்கு முழு மாதத்தில் பிறந்த குழந்தையும் 2,500 கிராமுக்குக் குறைவாக இருக்கலாம். எடையை மட்டும் பார்த்தால் அதுவும் குறைமாதக் குழந்தையாகவே கணக்கில் சேரும். 1961இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு இரண்டையும் பிரித்தது. எடை குறைந்த குழந்தை வேறு, வாரம் குறைந்த குழந்தை வேறு என்றாயிற்று. அதன் பின்னர் வாரக்கணக்கே குறைப்பிரசவத்தின் அடிப்படை ஆனது.

மலையடிவாரத்து மருத்துவமனைகள்

தமிழ்நாட்டில் மகப்பேறு மருத்துவத்தின் வரலாறு கோடைக்கானலையும் தொடுகிறது. இராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த ஐடா ஸ்கடர், திண்டிவனத்தில் தம் பெற்றோருடன் தங்கியிருந்தபோது ஒரே இரவில் மூன்று ஆண்கள் அடுத்தடுத்து வந்து, பிரசவ வேதனையில் இருந்த தம் மனைவியருக்கு உதவி கேட்டனர். மருத்துவரான தந்தையை ஆண் என்பதால் அவர்கள் ஏற்கவில்லை. ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. மூன்று பெண்களும் இறந்தனர். அந்த நிகழ்ச்சியே அவரை மருத்துவம் படிக்கத் தூண்டியது. 1899இல் பட்டம் பெற்றுத் திரும்பிய அவர், வேலூரில் உருவாக்கிய மருத்துவப் பணி பின்னாளில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. ஓய்வுக் காலத்தைக் கோடைக்கானலில் கழித்த அவர் 1960இல் மறைந்தார்.

1947இல் மருத்துவர் சௌந்தரம் அம்மையார் காந்திகிராமத்தைத் தொடங்கினார். அங்கே எளிய மகப்பேறு நிலையமாகத் தொடங்கியதே கஸ்தூரிபா மருத்துவமனை. 1955இல் மருத்துவர் ஏ. கே. தரியன் முதலியோர் பழனி மலையின் வடக்கு அடிவாரப் பகுதியான ஒட்டன்சத்திரத்தில் கிறித்தவ ஐக்கிய மருத்துவமனையைத் தொடங்கினர். மலையிலிருந்து இறங்கி வருவோருக்கு இத்தகைய மருத்துவமனைகள் ஆதரவாயின. எனினும் யாரை எப்போது இறக்கிக்கொண்டு வருவது என்ற கேள்வி அப்படியே இருந்தது.

மதிப்பெண் அட்டைகள்

பிரான்ஸ் நாட்டு மகப்பேறு மருத்துவர் எமில் பாப்பியர்னிக் 1969இல் குறைப்பிரசவ ஆபத்துக்கான மதிப்பெண் முறையை வெளியிட்டார். தாயின் வயது, முந்தைய பிரசவங்கள், வேலைப் பளு, அன்றாட வாழ்க்கை ஆகியவற்றுக்குத் தனித்தனி மதிப்பெண் கொடுத்துக் கூட்டுவதே அம்முறை. 1971 முதல் அகனோ என்ற பிரெஞ்சு நகரப் பகுதியில் இதை ஒட்டிய தடுப்புத் திட்டம் நடத்தப்பட்டது. அமெரிக்காவில் ராபர்ட் கிரீசியும் குழுவினரும் 1980இல் இதைத் திருத்தி வெளியிட்டனர்.

இந்த அட்டைகளின் வழி உறுதிப்பட்ட காரணிகள் இன்றும் மாறவில்லை. முன்பு ஒரு முறை குறைப்பிரசவம் ஆகியிருப்பது அவற்றுள் மிக வலுவானது. இரட்டைக் கரு, மிக இளம் வயது, இரு கருவுறுதல்களுக்கிடையே போதிய இடைவெளி இல்லாமை, சிறுநீர்த் தொற்று, இரத்த சோகை, உயர் இரத்த அழுத்தம், புகைப்பழக்கம் ஆகியவை பிற. தமிழ்நாட்டில் கிராம சுகாதார செவிலியர், ஆபத்து மிகுந்த கர்ப்பிணிகளைத் தனியே குறித்து வைத்துக் கண்காணிப்பதும் இந்த வழியில் வந்ததே.

இரத்த சோகையைப் பொறுத்தவரை மலைக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. உயரமான இடங்களில் காற்றில் ஆக்சிஜன் குறைவு. அதை ஈடுகட்ட உடல் ஹீமோகுளோபினைக் கூடுதலாக உண்டாக்கும். ஆகவே கோடைக்கானல் உயரத்தில் எடுக்கும் அளவிலிருந்து ஏறக்குறைய ஒரு கிராமைக் கழித்தே முடிவு செய்ய வேண்டும். சமவெளிக்கான 11 கிராம் எல்லையை அப்படியே வைத்துப் பார்த்தால், உண்மையில் சோகையுள்ள தாய் நலமாக இருப்பதாகத் தோன்றும்.

மதிப்பெண் முறையின் பெருங்குறை வேறொன்று. குறைமாதத்தில் பிரசவிக்கும் பெண்களில் பலருக்கு இந்தக் காரணிகள் எவையும் இருப்பதில்லை. முதல் முறை கருவுற்ற பெண்ணுக்கு முந்தைய பிரசவ வரலாறே கிடையாது. பட்டியலில் இடம்பெறாதவர் ஆபத்தில்லாதவர் என்று கொள்ள முடியாது.

அளக்கும் கருவிகள்

கிளாஸ்கோவின் இயன் டொனால்டும் குழுவினரும் 1958இல் மகப்பேறு மருத்துவத்தில் மீயொலியின் பயனை வெளியிட்டனர். பின்னர் ‘ஸ்கேன்’ என்று எல்லோருக்கும் பழகிய இக்கருவி இரண்டு வகையில் உதவியது. முதல் மூன்று மாதங்களில் கருவின் நீளத்தை அளந்தால் கருவின் வயதைச் சில நாள் வேறுபாட்டுக்குள் சொல்லலாம். இரண்டாவதாக, கருப்பை வாயின் நீளத்தையும் அளக்கலாம்.

கருப்பை வாய் என்பது குழந்தை வெளிவரும் வரை மூடியிருக்கும் கதவு போன்றது. பிரசவம் நெருங்கும்போது அது குறுகி மென்மையாகும். 1996இல் ஜே அயம்ஸ் குழுவினர் ஏறத்தாழ 2,900 பெண்களிடம் நடத்திய ஆய்வு, 24ஆவது வாரத்தில் இந்த நீளம் குறையக் குறையக் குறைப்பிரசவ ஆபத்து கூடுகிறது என்று காட்டியது. 25 மி.மீ. என்பது எச்சரிக்கை எல்லையாக நிலைபெற்றது. 2007இல் வெளிவந்த பொன்செக்கா குழுவினரின் ஆய்வில், 15 மி.மீ. அல்லது அதற்கும் குறைவான நீளம் உடைய பெண்களுக்குப் புரோஜெஸ்டிரான் மருந்தைப் பிறப்புறுப்பு வழியாகக் கொடுத்தபோது, 34 வாரத்துக்கு முன் பிரசவித்தோர் 34 விழுக்காட்டிலிருந்து 19 விழுக்காடாகக் குறைந்தனர். ஆனால் சோதிக்கப்பட்ட 24,000க்கும் மேற்பட்ட பெண்களில் அவ்வளவு குறுகிய கருப்பை வாய் இருந்தது 1.7 விழுக்காட்டினருக்கே.

சார்லஸ் லாக்வுட் குழுவினர் 1991இல் ஃபைப்ரோநெக்டின் என்ற புரதத்தைச் சுட்டிக்காட்டினர். கருவின் சவ்வையும் கருப்பையையும் ஒட்டவைக்கும் இப்புரதம், இருக்கக் கூடாத காலத்தில் கசிந்து தென்பட்டால் பிரசவம் நெருங்கக்கூடும். வயிற்று வலியோடு வரும் பெண்ணிடம் இது தென்படாவிட்டால் அடுத்த ஓரிரு வாரங்களில் பிரசவம் ஆகாது என்று பெரும்பாலும் நம்பலாம். ‘இல்லை’ என்று சொல்வதில்தான் இச்சோதனைக்கு வலிமை அதிகம்.

2017இல் வெளிவந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு இக்கருவிகளின் எல்லையைக் காட்டியது. முதல் முறை கருவுற்ற 9,410 பெண்களிடம் கருப்பை வாயின் நீளமும் ஃபைப்ரோநெக்டினும் அளக்கப்பட்டன. தானாக நேர்ந்த குறைப்பிரசவங்களில் நான்கில் ஒரு பங்கைக்கூட இவற்றில் எதுவும் தனித்து முன்கூட்டிக் காட்டவில்லை. தடுப்பு மருந்துகளிலும் ஏமாற்றம் உண்டு. 2003 முதல் பெரிதும் பேசப்பட்ட ஒரு வகைப் புரோஜெஸ்டிரான் ஊசி, பின்னர் நடந்த ஆய்வில் பயன் நிரூபிக்கப்படாததால், 2023இல் அமெரிக்காவில் அனுமதி இழந்தது.

நுரையீரல் ஊசியும் தவறிய வாரக்கணக்கும்

குறைப்பிரசவத்தைத் தடுக்க முடியாவிட்டாலும் முன்னறிவதால் ஒரு பெரும் பயன் உண்டு. நியூசிலாந்தின் கிரகாம் லிகின்ஸ் ஆடுகளிடம் ஆய்வு செய்தபோது, ஸ்டீராய்டு மருந்து பெற்ற குறைமாத ஆட்டுக்குட்டிகள் எதிர்பாராத வகையில் மூச்சுவிட்டதைக் கண்டார். அவரும் ராஸ் ஹோவியும் 1972இல் வெளியிட்ட ஆய்வு, பிரசவத்துக்கு முன் தாய்க்குப் பீட்டாமெத்தசோன் ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் விரைவில் முதிர்கிறது என்று நிறுவியது.

இந்தியாவில் விலை குறைந்த டெக்சாமெத்தசோன் பயன்படுத்தப்படுகிறது. 6 மில்லிகிராம் வீதம் 12 மணி நேரத்துக்கு ஒரு முறை நான்கு ஊசிகள். முழுப் பயன் கிடைக்க ஏறத்தாழ ஒரு நாளாவது வேண்டும். ஒரு வாரத்துக்குப் பின் பயன் குறையத் தொடங்கும். 2014இல் இந்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல், 24 முதல் 34 வாரங்களுக்குள் பிரசவ வலி கண்ட பெண்ணுக்குத் துணை செவிலியரே முதல் ஊசியைப் போட்டு மருத்துவமனைக்கு அனுப்பலாம் என்றது. மலைக் கிராமங்களுக்கு இது மிகவும் பொருத்தமான ஏற்பாடாகத் தோன்றியது.

2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு எல்லோரையும் திடுக்கிட வைத்தது. இந்தியாவின் பெல்காம், நாக்பூர் பகுதிகள் உட்பட ஆறு நாடுகளில் ஏறத்தாழ ஒரு லட்சம் பிறப்புகளை உள்ளடக்கி, இதே ஊசியைக் கிராமப்புற அளவில் பரவலாக்கிப் பார்த்தார்கள். மிகச் சிறிய குழந்தைகளின் இறப்பு குறையவில்லை. மொத்தத்தில் முதல் 28 நாட்களின் இறப்பு, ஊசி பரவலாக்கப்பட்ட ஊர்களில் 1,000 பிறப்புக்குச் சுமார் 27ஆகவும், மற்ற ஊர்களில் சுமார் 24ஆகவும் இருந்தது. வாரக்கணக்கு துல்லியமாக இல்லாததால், ஊசி பெற்ற பெண்களில் பலர் பின்னர் வளர்ந்த குழந்தைகளையே பெற்றனர். தேவையில்லாத குழந்தைக்கு மருந்து சென்றது. தாய்மாரிடையே தொற்று ஐயமும் கூடுதலாகக் காணப்பட்டது.

2020இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு இதற்கு விடை தந்தது. இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா ஆகிய ஐந்து நாடுகளில் 2,852 பெண்கள் சேர்க்கப்பட்டனர். ஸ்கேன் வழியாக வாரக்கணக்கு உறுதி செய்யப்பட்டது. பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு உள்ள மருத்துவமனைகளில் மட்டும் ஊசி போடப்பட்டது. டெக்சாமெத்தசோன் பெற்றோரின் குழந்தைகளில் 19.6 விழுக்காட்டினரும், பெறாதோரின் குழந்தைகளில் 23.5 விழுக்காட்டினரும் இறந்தனர். ஒரே மருந்து, சரியான வாரமும் சரியான இடமும் அமைந்தபோது உயிர் காத்தது. அவை அமையாதபோது காக்கவில்லை.

இந்தியத் தாய்மாரின் தரவு

கருவின் வயதைக் கணிக்கும் சூத்திரங்கள் பல மேற்கு நாட்டுத் தாய்மாரின் அளவுகளைக் கொண்டு உருவானவை. 2015இல் குருகிராம் அரசு மருத்துவமனையில் ‘கர்ப்பிணி’ என்ற பெயரில் இந்திய ஆய்வுத் திட்டம் ஒன்று தொடங்கியது. குறைப்பிரசவத்தின் காரணங்களை அறிய ஆயிரக்கணக்கான கர்ப்பிணிகள் தொடக்கம் முதல் கண்காணிக்கப்பட்டனர். இத்தரவைக் கொண்டு சென்னை ஐ.ஐ.டி.யும், பரிதாபாத்தில் உள்ள மருத்துவ ஆய்வு நிறுவனமும் இணைந்து உருவாக்கிய கணிப்பு முறை 2024இல் வெளிவந்தது. கருக்காலத்தின் நான்காம் மாதத்துக்குப் பிறகு முதன்முறையாக ஸ்கேன் எடுக்கும் பெண்ணுக்கும் கருவின் வயதைக் கூடுதல் துல்லியத்தோடு சொல்ல இது உதவும். தென்னிந்தியத் தாய்மாரிடமும் இது சோதிக்கப்பட்டது. அந்தப் பணியில் பங்கேற்ற நிறுவனங்களுள் ஐடா ஸ்கடர் நிறுவிய வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் ஒன்று.

தாயின் இரத்தத்தில் மிதக்கும் ஆர்.என்.ஏ. துணுக்குகளைக் கொண்டு பிரசவ நேரத்தைக் கணிக்கலாம் என்று 2018இல் ஸ்டீபன் குவேக் குழுவினர் காட்டினர். இம்முயற்சி இன்னும் அன்றாட மருத்துவத்துக்கு வரவில்லை.

தமிழ்நாட்டின் ஏற்பாடுகள்

தமிழ்நாடு அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 1987இல் 300 ரூபாயுடன் தொடங்கி, 2018இல் 18,000 ரூபாயாக உயர்ந்தது. 12 வாரங்களுக்குள் கர்ப்பத்தைப் பதிவு செய்வதோடு முதல் தவணை இணைக்கப்பட்டது. பணம் பெறுவதற்கான விதியாகத் தோன்றினாலும், முதல் மூன்று மாதங்களிலேயே வாரக்கணக்கு சரியாகப் பதிவாவதுதான் இதன் பெரிய பயன். ‘பிக்மி’ என்ற இணையப் பதிவு ஒவ்வொரு கர்ப்பிணியையும் தொடர்ந்து கண்காணிக்க உதவுகிறது. 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது.

மலைப்பகுதிகளுக்கென்று உருவான ஏற்பாடு பிரசவக் காத்திருப்பு அறை. தேர்ந்தெடுக்கப்பட்ட மலை, பழங்குடிப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில், எதிர்பார்க்கும் தேதிக்குச் சில நாட்களுக்கு முன்பே கர்ப்பிணியைத் துணையோடு தங்கவைத்து உணவு அளிப்பார்கள். நிறைமாதத் தாய்க்கு இது சிறந்த ஏற்பாடு. ஆனால் தேதியை வைத்து இயங்கும் இந்த ஏற்பாடு, தேதிக்கு இரண்டு மாதம் முன்பே வலி காணும் பெண்ணுக்கு உதவாது. அவருக்கு உதவக்கூடியது, தாயும் குடும்பமும் எச்சரிக்கை அறிகுறிகளை அறிந்திருப்பதுதான். 37 வாரத்துக்கு முன் கீழ்க்கண்டவற்றுள் ஏதேனும் ஒன்று தோன்றினால் காலம் தாழ்த்தாமல் மருத்துவமனையை நாட வேண்டும்:

• அடிவயிறு விட்டுவிட்டு இறுகுவது, தொடர்ந்த இடுப்பு வலி
• பனிக்குட நீர் கசிவது
• இரத்தம் படுவது
• கீழ்நோக்கி அழுத்துவது போன்ற உணர்வு
• கடுமையான தலைவலி, கண் மங்குதல், முகம் கை வீக்கம்
• குழந்தையின் அசைவு குறைவது

குழந்தை மலையிலேயே பிறந்துவிட்டால், தாயின் வெறும் மார்போடு அணைத்துப் போர்த்திக் கொண்டுசெல்லும் ‘கங்காரு’ முறை வெப்பத்தைக் காக்கும். 1970களின் இறுதியில் கொலம்பியாவில் தொடங்கிய இம்முறையைப் பிறந்தவுடனே தொடங்கினால் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைகிறது என்று, இந்தியாவும் பங்கேற்று 2021இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

முடிவுரை

மதிப்பெண் அட்டை, ஸ்கேன், புரதச் சோதனை, கணினிக் கணிப்பு என்று வளர்ந்த இந்த வரலாற்றில், குறைப்பிரசவத்தை முழுமையாக முன்னறியும் கருவி இன்னும் கிடைக்கவில்லை. ஆயினும் இக்கருவிகள் அனைத்தும் வாரக்கணக்கையே சார்ந்துள்ளன. 2015ஆம் ஆண்டு ஆய்வின் தோல்வியும் 2020ஆம் ஆண்டு ஆய்வின் வெற்றியும் இதையே காட்டுகின்றன. மேல்மலைக் கிராமத்துப் பெண் முழுகாத நாளைக் குறித்துவைத்து, மூன்றாம் மாதத்துக்குள் பதிவு செய்து, ஒரு ஸ்கேன் எடுத்துக்கொள்வது எளிய செயல்களாகத் தோன்றலாம். ஏழாம் மாதத்தில் வலி காணும்போது அவருக்கு எந்த ஊசி போடுவது, எந்த மருத்துவமனைக்கு அனுப்புவது, எப்போது வண்டியை அழைப்பது என்ற முடிவுகள் அந்தக் கணக்கை நம்பியே எடுக்கப்படுகின்றன.